‘ஹோல்டு’ பிடித்த கதை

“கொஞ்சம் ஹோல்டு பண்ணுங்க சார்...” என்றது போனில் ஒரு தேன் குரல்.

பண்ணினேன். இடது கையில் போன். வலது கையில் ஒரு கயிறு. கயிற்றின் அந்த முனையில், எட்டுப் பாகம், அதாவது கிட்டத்தட்ட ஐம்பதடித் தண்ணீருக்கு அடியில் — என் அக்கா புருஷன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரு மணி நேரம் படகில் போயிருந்தோம். என் அத்தான் சூசை சங்கு குளிப்பவர். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். கடலடி மணலில் நம் கடைத்தெருவில் நடப்பது போல நடப்பார். சங்கு பொறுக்கி வலைப்பையில் போடுவார். அவர் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் ‘நல்லா இருக்கேன்’. இரண்டு வந்தால் ‘பையைத் தூக்கு’. மூன்று வந்தால் ‘என்னையே தூக்கு’.

வழக்கமாகப் பிடிப்பவர் என் அண்ணன் லூர்து. அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். துறைமுக ரோட்டில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டும் எனக்கோ லீவு. வேறென்ன நடக்கும்? பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

சரி, அந்தப் போன் எதற்கு? வீட்டில் மூன்று நாளாக இன்டர்நெட் இல்லை. கரையில் நின்று எத்தனை தடவை போட்டாலும் கிடைக்காத புகார் நம்பர், நடுக்கடலில் முதல் ரிங்கிலேயே கிடைத்தால் விடுவேனா?

ஸ்பீக்கரில் ஹோல்டு இசை ஓடிக்கொண்டிருந்தது. படகு ஆட்டத்தில் தலை சுற்றாமலிருக்கத் தூரத்தில் பார்த்தேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஒரு கப்பல் நின்றது. அதன் வயிறு நிறைய நிலக்கரி. அந்த வயிற்றுக்குப் பெயர் என்ன? ஹோல்டு! முந்தின நாள் ஆபீஸில் ஒரு கன்டெய்னர் ஃபைலை ஓரமாக வைத்தோமே, அதன் மேல் சிவப்பு மையில் என்ன எழுதினேன்? ஹோல்டு! போனில் நான் ஹோல்டில். என் கையில் அத்தானை ஹோல்டு பண்ணும் கயிறு!

அட... ஒரே ஒரு குட்டி வார்த்தை, இந்தக் கடல் முழுக்க வேலை பார்த்துக்கொண்டிருக்கிறதே!

நான் ஒரு வார்த்தைப் பைத்தியம் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். கயிற்றைத் தளர்வாக விரலிடுக்கில் செருகிக்கொண்டு, அதே கையால் உடனே போனில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது முத்தையாபுரம் பஸ் கண்டக்டர் தட்டிக்கொண்டே கத்துவாரே, “ஹோல்டான்... ஹோல்டான்!” — அது ஒன்று. பல்ப் மாட்டும் ஹோல்டர். அப்பா காலத்து ரயில் பயணப் படுக்கை, ஹோல்டால். ‘அவருக்கு கலெக்டர் ஆபீஸ்ல நல்ல ஹோல்டு’ என்கிறோமே, அது...

ஆறாவதை எழுதும்போது படகுக்குப் பக்கத்தில் தண்ணீர் வெடித்தது.

“ஏலே! உசுரோட இருக்கியா, செத்துட்டியா?”

முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அத்தான் மிதந்துகொண்டிருந்தார்.

“என்ன அத்தான், அதுக்குள்ள வந்துட்டிய?”

“பையத் தூக்கச் சொல்லி ரெண்டு இழுப்பு இழுத்தேன். பதில் இல்ல. மறுபடி இழுத்தேன். ம்ஹூம். சரி, மேல ஒனக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு பதறிப்போயி வாரேன்... கையில என்னலே அது?”

எஞ்சின் பக்கம் உட்கார்ந்து கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்த தாசன் அண்ணாச்சி எனக்குப் பதிலாகச் சொன்னார்: “மாப்ள பாட்டுக் கேக்காரு.”

அந்த நேரம் பார்த்து போனில் அந்தத் தேன் குரல்: “காத்திருந்ததற்கு நன்றி சார்!”

அத்தான் படகில் ஏறினார். குழாயைச் சுருட்டினார். “போதும் அண்ணாச்சி. கரைக்குத் திருப்புங்க” என்றார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பையில் ஏழே ஏழு சங்கு.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ஏன் தெரியுமா?

எங்கள் கரையில் ஒரு வழக்கம். குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிகூட அடுத்தபடிதான்! குளிக்கிறவனின் சொந்தச் சகோதரனுக்கு ஆயிரம் வருத்தம் இருக்கும் — வீட்டுச் சுவர், தென்னை மரம், சின்ன வயதில் வாங்கின அடி. மச்சினனுக்கு இருப்பது ஒரே கவலை. கயிறு நழுவினால் அவன் கூடப்பிறந்தவள் தாலியை இழந்து அவன் வாசலில் வந்து நிற்பாள். அதனால் அவன் கண் அசராது, கை தளராது. முத்துக்குளித்த காலத்தில் யாரோ யோசித்துப் போட்ட ஏற்பாடு. கம்ப்ரசர் வந்த பிறகும் எங்கள் வீட்டில் மாறவில்லை. எத்தனை இன்ஷூரன்ஸ் வந்தாலும் இதைவிடக் கெட்டியான பாலிசி உண்டா, சொல்லுங்கள்.

அந்தப் பாலிசி அன்றைக்கு இன்டர்நெட் புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

கரையில் ஸ்டெல்லா அக்கா கேட்டாள்: “என்ன, இவ்வளவு வெள்ளன வந்துட்டிய?”

அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எஞ்சின் கோளாறு.”

அந்த ஒரு பொய்க்கு நான் ஏதாவது செய்தாக வேண்டாமா? செய்ய ஒரு வேலை தயாராகவே இருந்தது. வளைகுடாவில் ஒரு கம்பெனி. கப்பல்களின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ச் சோதித்துச் சுத்தம் செய்கிற கம்பெனி. அத்தான் அதற்கு மனுப் போட்டிருந்தார். முறையாகப் பயிற்சி முடித்த சர்டிபிகேட் இருந்தது. கடல் அனுபவம் இருந்தது. காற்று கடுமையானால் மாசக்கணக்கில் படகைக் கரையில் போட்டுவிட்டுச் சும்மா உட்காரும் பிழைப்பிலிருந்து வெளியே வரவேண்டும் என்ற ஆசை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. ஒரு மாதத்தில் வீடியோவில் இன்டர்வியூ; முழுக்க இங்கிலீஷில்.

“அத்தான், நான் சொல்லிக் கொடுக்கேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகுகள் கடலுக்குப் போகாது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் வகுப்பு. பாடத்திட்டம்? வேறென்ன... ஹோல்டு! சிரிக்காதீர்கள். ஒரு வார்த்தையை உருட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்டால் மொழியே பின்னால் வந்துவிடும் என்பது என் கொள்கை. அதற்குள் நாற்பத்தொரு உபயோகம் சேர்த்திருந்தேன். அத்தனையும் ஒரு நோட்டில், கலர் பேனாவில்.

முதலில் அதே பொருள் தரும் மற்ற வார்த்தைகள். கிரிப். கிராஸ்ப். கிளட்ச். கீப்.

“எல்லாம் பிடிக்கிறதுதானேலே? ஒன்னு போதாதா?” என்றார் அத்தான்.

“ஒவ்வொரு பிடியும் வேற அத்தான். கிரிப்புன்னா இறுக்கிப் பிடிக்கிறது...”

“நண்டைப் பிடிக்க மாதிரி.”

“கிராஸ்ப்புன்னா எட்டிச் சட்டுன்னு...”

“வழுக்குற மீனு.”

“கிளட்ச்சுன்னா பயத்துல கெட்டியாப் பிடிச்சிக்கிடுறது...”

“அன்னைக்குப் போகும்போது படகுல பலகையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே நீ, அதா?”

எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. அடுத்தது கீப் என்று ஆரம்பித்தேன். பாலர் பள்ளி டீச்சரான ஸ்டெல்லா அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “ஏலே, அந்தக் கீப்பு எல்லாம் அவுகளுக்குச் சொல்லிக் கொடுக்காத. போற எடம் தூர தேசம்.”

இரண்டாவது ஞாயிறு எனக்கே பாடம் நடந்தது. “இரண்டு நிமிடம் என்னால் மூச்சை அடக்க முடியும்” என்று பெருமையாகச் சொல்ல ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். அதிலும் ஹோல்டு வருகிறதே! அத்தான் நோட்டை மூடிவிட்டார்.

“இதைச் சொன்னா அங்கனயே வெளிய அனுப்பிருவான். கம்ப்ரசர் காத்தைக் குடிச்சிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் பலூன் மாதிரி வெடிச்சிரும். விட்டுக்கிட்டே வரணும். எங்க வேலையில மூச்சைப் பிடிக்கப்படாது, கயித்தை விடப்படாது. நீ ரெண்டையும் மாத்திச் செய்யுத.”

ஒரு வரியை அடித்தேன். நாற்பது.

மூன்றாவது ஞாயிறுதான் பெரிய சண்டை. “உங்கள் கயிற்றைப் பிடிப்பவர் ஒருநாள் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” — இப்படி நிச்சயம் கேட்பார்கள் என்று இணையத்தில் படித்திருந்தேன். பதிலும் தயார். “பயிற்சி பெற்ற யாருடனும் என்னால் வேலை செய்ய முடியும் சார்.” எவ்வளவு நாகரிகமான பதில்!

“அது பொய்தானேலே?” என்றார் அத்தான். “லூர்து வரலைன்னா நான் இறங்க மாட்டேன். ஒருநாள் இறங்கினேன்...” என்று என்னைப் பார்த்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார்.

“மச்சினன் வந்தாத்தான் இறங்குவேன்னு அவங்ககிட்டச் சொன்னா, பட்டிக்காடுன்னு நினைப்பாங்க அத்தான்.”

அக்காவும் என் கட்சி. “அவன் எழுதுனதைச் சொல்லிட்டுப் போங்களேன். வாயா வலிக்கி?”

அத்தான் முணுமுணுத்துக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

இன்டர்வியூ நாள். அத்தான் வீட்டில் முக்காலி மேல் என் லேப்டாப். சத்தம் வராமல் ஃபேனை நிறுத்தினோம். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டன. அத்தான் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். கேமராவில் விழாமல் நான் ஒரு பக்கம், கதவுக்குப் பின்னால் அக்கா.

திரையில் நரைத்த தாடியுடன் ஒரு பெரியவர். அந்தக் கம்பெனியின் தலைமை டைவர். பெயர், வயது, எத்தனை வருட அனுபவம்... எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அத்தான் நாலு இடத்தில் ‘ஹோல்டு’ போட்டார். எனக்குப் புல்லரித்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்ன அதே கேள்வி! கயிறு பிடிப்பவர் வரவில்லை. என்ன செய்வாய்?

நான் வாயசைத்தேன். ‘பயிற்சி பெற்ற யாருடனும்...’

அத்தான் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“சார்... மை ஒய்ஃப் பிரதர் ஹோல்டு ரோப். பிக் பிரதர். வெரி குட் ஹோல்டு. ஒன் டே, பிக் பிரதர் ஃபீவர். ஸ்மால் பிரதர் கம். ஒன் ஹேண்ட் ரோப். ஒன் ஹேண்ட் போன். ஐ புல் டூ டைம். நோ ஆன்சர். அகெய்ன் புல். நோ ஆன்சர். ஐ கம் அப். ஃபினிஷ். தட் டே நோ மோர் டைவ்.”

என் காது மடல் சூடானது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைய சங்கெல்லாம் போயிற்றே, வருத்தமில்லையா என்று கேட்டார்.

“சங்கு டுமாரோ ஆல்ஸோ தேர் சார். சூசை... ஒன்லி ஒன்.”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: அந்தச் சின்ன மச்சினன் இப்போது எங்கே?

அத்தான் லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பினார்.

“ஹி இஸ் மை இங்கிலீஷ் டீச்சர் சார்!”

பெரியவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? கும்பிடு ஒன்று போட்டு வைத்தேன்.

அழைப்பு முடிந்தது. கதவு திறந்தது. பாலர் பள்ளி டீச்சருக்கு அந்த இங்கிலீஷ் நன்றாகவே புரிந்திருந்தது.

“எஞ்சின் கோளாறுன்னு சொன்னியளே?” — இது அத்தானுக்கு.

“எஞ்சின் மாதிரிதான்...” என்றார் அத்தான், என்னைக் கை காட்டி.

அடுத்து என் முறை. “ஏலே, என் தாலியப் பிடின்னு படகுல ஒக்கார வச்சா, நீ போனையா பிடிச்ச? அதுல வேற நோட்டுப் போட்டு, கலர் பேனாவுல எழுதி, அவுகளுக்கே ஹோல்டு சொல்லிக் கொடுக்க வந்துட்டான்!”

அவள் கையில் அகப்பை இருந்தது. விவரம் வேண்டாம்.

ஆனால் அடியை விட அந்த வார்த்தைதான் உறைத்தது. நாற்பத்தொரு அர்த்தம் தேடி எடுத்தவன் நான். அன்றைக்கு அந்தப் படகில் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அது என் வலது கையிலேயே இருந்தது. அதைத்தான் விட்டிருக்கிறேன். நம்மில் பல பேர் இப்படித்தானே? எதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோமோ, அதைச் செய்வது மட்டும் பாக்கி இருக்கும்.

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். விண்ணப்பம் ‘ஹோல்டில்’ இருக்கிறதாம். நம்புங்கள், முதல் தடவையாக அந்த வார்த்தையை நான் நோட்டில் எழுதவில்லை. எட்டு நாள். அக்கா என்னோடு பேசவில்லை. அத்தான் வழக்கம்போலக் கடலுக்குப் போனார், அண்ணன் பிடித்தார். “உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டியளே” என்று நான் ஆரம்பித்தபோது அத்தான் சொன்னார்: “பொய் சொல்லி அந்த வேலை கிடைச்சா, அங்கன எவனோ பிடிக்க கயித்துல நான் பொய்யோடதானேலே இறங்கணும்?”

முந்தாநாள் பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! கடிதத்தில் பெரியவர் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: எப்போது இறங்கக்கூடாது என்று தெரிந்த ஆள்தான் எனக்கு வேண்டும்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். என்னோடும் பேசிவிட்டாள். “காப்பி குடிக்கியா?” என்றாள். என் பொதுமன்னிப்பு அந்த டம்ளரில் வந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் ஆறு மாதம் அத்தான் இறங்க முடியாது. மேலே இருந்து மற்ற டைவர்களின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் அதுதான் முதல் படியாம். அந்த வேலைக்கு இங்கிலீஷில் ‘டெண்டர்’ என்று தனியாக ஒரு பெயர் இருக்கிறது. அதற்கும் நாலைந்து அர்த்தம் உண்டு... வேண்டாம், அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள்.

அதைக் கேட்டதும் அத்தான் முகம் வாடிவிட்டது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“முன்னப்பின்னத் தெரியாதவன் கயித்தை நான் எப்படிலே பிடிக்க? எந்த ஊர்க்காரனோ. என் தங்கச்சியவா அவன் கட்டியிருக்கான்?”

கடலடியில் பயப்படாத மனுஷன் இதற்குப் பயந்தார். நான் என் நோட்டில் பதில் தேடவில்லை. அக்காதான் சொன்னாள்:

“அவன் பொண்டாட்டி பேரைக் கேட்டு வச்சுக்கிடுங்க. பேரு தெரிஞ்சிட்டா அவ ஒங்களுக்குத் தங்கச்சிதானே?”

அத்தான் நிமிர்ந்தார். “அது சரிதான். ஏலே, அதை இங்கிலீஷ்ல எப்படிக் கேக்க?”

“கல்யாணம் ஆகாதவனா இருந்தா?” என்றேன்.

“அம்மா பேரைக் கேளுங்க. அம்மா இல்லாம எவன் பெறந்தான்?” என்றாள் அக்கா.

ஆக, வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் அடுத்த முயற்சி. கலர் பேனா கிடையாது, நாற்பது உபயோகம் கிடையாது. ஒரே ஒரு வாக்கியம். அறிமுகமே இல்லாத, ஆறடி உயர டைவர் ஒருவரிடம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, “உங்கள் மனைவியின் பெயர் என்ன?” என்று கேட்க வேண்டும்.

அடி வாங்காமல் அதைக் கேட்கும் இங்கிலீஷ் உங்களில் யாருக்காவது தெரிந்தால், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்!